எட்டுப் போட்டால் போதுமா?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டால், 18 வயது நிறைந்த ஒரு வாலிபனுக்கோ யுவதிக்கோ கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டும் அநுமதியைச் சர்க்கார் வழங்கிவிடுகிறது. சாலைக் குறிகளின் அர்த்தத்தைக் கேட்கிறார்கள். கையால் சிக்னல் காட்டத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். ஆனால், எஞ்சினின் சக்தி முழுவதையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் செயின் எவ்வளவு தொய்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும், கேட்பதோடு நில்லாமல் தொட்டு அளந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு ஓர் அளவுகோலும் இரண்டு நிமிஷமும் போதும்.

1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில், ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் கண்டுபிடித்த ரோலர் செயினின் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. இருபுறத் தகடுகள், அவற்றைக் கோக்கும் ஆணி, ஆணியைச் சூழ்ந்த புஷ், புஷ்ஷின்மேல் உருளும் ரோலர்: இவ்வளவுதான் அதன் அங்கங்கள். கோயம்புத்தூரில் 'ரோலான்' செயினும் சென்னையில் 'டயமண்ட்' செயினும் தயாராகி நாடெங்கும் போகின்றன. அப்படிப்பட்ட மாநிலத்துப் பிள்ளைகள் செயினைப் பற்றி ஏதுமறியாமல் வண்டி ஓட்டப் புறப்படுவது வருத்தத்துக்குரியது.

செயின் இழுத்துவிட்டது என்று பட்டறைகளில் சொல்வார்கள். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. புழுதியும் மழைநீரும் புகுந்து, எண்ணெய் வற்றி, ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் தேய்ந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே ஆனாலும், நூறு மூட்டுகளில் அது 10 மில்லிமீட்டராகி, செயின் தொங்கத் தொடங்குகிறது. மிகவும் தொங்கிய செயின், தான் சுற்றிவரும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களின்மேல் தாவும். கழன்று பின்சக்கரத்தைச் சிக்கவைத்து, ஓடுகிற வண்டியையே கவிழ்த்துவிடவும் கூடும்.

இதைக் கேட்ட புதியவர் பயந்துபோய், இறுக்கமே க்ஷேமம் என்று செயினை வீணைத் தந்தியைப்போல் முறுக்கிவிடுகிறார். தளர்ச்சியைவிட இதுவே அதிகக் கெடுதலானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், இறுகிய செயினோ அப்படி எச்சரிப்பதில்லை. பள்ளத்தில் இறங்கும்போதும் பின்னால் ஒருவர் ஏறி உட்காரும்போதும் பின்சக்கரம் மேலேறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் கை பூட்டப்பட்ட இடமும், ஆக்ஸிலும் ஒரே கோட்டுக்கு வரும் அந்தக் கணத்தில் இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமாகிறது. அந்த நேரத்துக்காகத்தான் செயினில் தொய்வு வைக்கிறார்கள். அது இல்லாவிடில், இழுப்பு முழுவதையும் கியர்பாக்ஸின் பேரிங் தாங்க நேர்ந்து, செயினுக்கு ஆக வேண்டிய செலவு எஞ்சினைப் பிரிக்கும் செலவாக முடியும்.

வேலை கடினமன்று. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, கீழ்ப்பக்கத்துச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால், பெரும்பாலான சிறு வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைய வேண்டும். சரியான கணக்கு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். தேய்மானம் எங்கும் ஒரே சீராக இராதாகையால், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுகிய இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். ஆக்ஸில் நட்டைத் தளர்த்திய பிறகு, இருபுறத்து அட்ஜஸ்டர்களையும் ஒரே கோட்டுக்கு நகர்த்துவது முக்கியம். பழைய புல்லட்டில் இவை நத்தையோட்டைப்போல் வளைந்து, விளிம்பில் வெட்டுப் பற்களோடு இருக்கும். இடப்புறம் எத்தனையாவது வெட்டோ வலப்புறமும் அத்தனையாவதே. நட்டை இறுக்கிய பின் டிரம் பிரேக் வண்டிகளில் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது: சக்கரம் பின்னுக்குப் போனதால் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும், பெடலின் அசைவைத் திரும்பவும் சரிசெய்யாமல் புறப்படலாகாது.

எண்ணெய் இடுவதிலும் ஒரு துர்ப்பழக்கம் வேரூன்றிவிட்டது. எஞ்சினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டுத் தடவி அனுப்புகிறார்கள். இரும்புத் துகள் கலந்த அந்தக் கறுப்பு எண்ணெய், காப்பாற்ற வேண்டிய மூட்டையே அரிக்கும். மண்ணெண்ணெயால் துடைத்து உலர்த்தி, கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ உட்புறமாக இட்டு, மிகுந்ததைத் துணியால் எடுத்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நனைந்த ஒவ்வொரு பிரயாணத்துக்குப் பிறகும் இது அவசியம். இதைச் செய்யும்போது எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சக்கரத்தைச் சுழலவைத்துத் துணியைப் பிடிக்கிறவர்களை நான் கைகூப்பி வேண்டுகிறேன்: துணி சிக்கினால் விரலும் உடன் போகும், கண் இமைப்பதற்குள் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

நம் சிறு வண்டிகள் பலவற்றில் செயினை முழுவதும் மூடும் கவர் இருக்கிறது. புழுதியையும் புடைவைத் தலைப்பையும் தடுப்பதால் அது நல்ல ஏற்பாடே. எனினும் உடையவரின் கண்ணிலிருந்தும் செயினை அது மறைத்துவிடுகிறது. கவரிலுள்ள சிறு ரப்பர் அடைப்பைக் கழற்றினால் விரல் நுழைய இடமுண்டு என்பதை, வருஷக்கணக்காய் ஓட்டுகிறவர்களிலும் பலர் அறியார். ஆகவே, எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டு வண்டியை ஒப்படைக்கும் நாளில், விற்பனை நிலையத்தார் அந்த அடைப்பைக் கழற்றி, வாங்குகிறவரின் விரலையே உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். டூல் கிட்டில் ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்து, இல்லாவிடில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே வீடு திரும்ப வேண்டும்.