ஓலையில் வாசிக்கப்படாத ஒப்பந்தம்

மூன்று ஞாயிறுகள் பீடத்திலிருந்து திருமண ஓலை வாசிக்கின்றோம். மணமகன் இன்னார் மகன், மணமகள் இன்னார் மகள், இன்ன பங்கைச் சேர்ந்தவர்கள், இவர்களது மெய்விவாகத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தோர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கின்றனர் என்று அறிவிக்கின்றோம். இரத்த உறவு உண்டா, முன் திருமணம் உண்டா, வயது நிறைந்துள்ளதா என்றெல்லாம் திருச்சபை விசாரிக்கின்றது. ஆனால் அதே திருமணத்திற்கு வேறோர் ஓலையும் உண்டு. எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், வண்டியா காரா, மண்டபச் செலவு யாருடையது, மீதித் தொகை எந்தத் தேதிக்குள் என்பவை அதில் அடங்கும். அந்த ஓலை எந்த ஞாயிறும் வாசிக்கப்படுவதில்லை. ஊரார் அனைவரும் அதனை அறிவர். பீடம் மட்டும் அறியாததுபோல் ஒரு பாவனை நிலவுகின்றது.

நான் எந்தப் பக்கம் நிற்கின்றேன் என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றேன். திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறைவன் திருமுன் வாழ்நாள் முழுமைக்கும் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்றும், கருவான நேரம் முதல் மனித உயிர் தூயது என்றும் நம்புகின்றவன் நான். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968இல் மனித உயிர் பற்றி வெளியிட்ட சுற்றுமடலை, எள்ளி நகைப்போர் நடுவிலும் கூச்சமின்றிப் போதிக்கின்றவன். இதற்காக என்னைப் பழமைவாதி என்போர் உண்டு. அப்பெயரை நான் மறுப்பதில்லை. எனவே இக்கட்டுரையில் என் வழக்கு புதுமை பேசுவோரோடு அன்று. என்னைப் போலவே மரபையும் குடும்பத்தையும் காக்கின்றோம் என்று கூறிக்கொள்வோரோடுதான். வரதட்சணையைக் கண்டும் காணாதிருப்பவருக்குக் கருக்கலைப்பை எதிர்த்துப் பேச வாய் ஏது? இதுவே என் கேள்வி.

குடும்பத்தின் பகைவர் யார்?

திருக்குடும்பத் திருவிழா வந்தால் நம் மேடைகளில் குடும்பத்தின் பகைவர்களை அடுக்குகின்றோம். மேனாட்டு நாகரிகம், திரைப்படம், கைப்பேசி, மணமுறிவுச் சட்டம், கருக்கலைப்புச் சட்டம் எனப் பட்டியல் நீளும். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1971இல் நம் நாடாளுமன்றம் கருக்கலைப்புக்குச் சட்டம் இயற்றியது. 2021இல் செய்த திருத்தம், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரங்கள் வரை அதனை அனுமதித்தது. இதனை நாம் எதிர்ப்பது சரியே. கருக்கலைப்பையும் சிசுக்கொலையையும் ஒரே மூச்சில் கண்டித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிள்ளைகள் வேறு எவ்வாறு பேச இயலும்?

ஆயினும் ஒன்று கேட்கின்றேன். சட்டம் கதவைத் திறந்தது. அக்கதவின் வழியே தாயை உள்ளே தள்ளியது யார்?

1986இல் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி ஆங்கில இதழொன்று எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கருவிலேயே பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், காணாமற்போனோர் எத்தனை பேர் என்பது விளங்கும். 2011இல் அம்மாவட்டத்தின் எண்ணிக்கை 900ஐக் கடந்தது ஆறுதலே. ஆனால் நோயின் வேர் அறுபட்டதென்று எவரும் துணிந்து கூற இயலாது.

வேர் எது? பெண் குழந்தையை வெறுத்துப் பிறந்த தாய் எவளும் இல்லை. குழந்தைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று அரசு பல்லாண்டுகள் முழங்கியது. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீட்டையும் நிலத்தையும் அடகு வைக்க வேண்டும் என்று சமூகம் விதித்தது. இவ்விரண்டும் கூடியபோது, எண்ணிக்கையைக் குறைத்த குடும்பம் பெண்ணைக் குறைத்தது. வறுமை மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. வசதி படைத்தோரிடையே தொகை இன்னும் பெரிது. சம்பந்தம் பேசும் கூடத்தில் ஒருவர் கேட்கும் ஐம்பது பவுன், அடுத்த தெருவில் கருவுற்றிருக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் காதில் அச்சமாக விழுகின்றது. கருவை அழித்தவர் வேற்றுச் சமயத்தார், வேற்றுச் சாதியார் என்று நாம் கைகழுவ முடியாது. இந்தச் சந்தையில் விலையை ஏற்றுகின்றவர்களுள் கத்தோலிக்கரும் உளர்.

நம் முன்னோர் செய்தது

மரபு என்றீர்களானால் மரபைப் பார்ப்போம். எகிப்தின் ஒக்சிரிங்குஸ் நகரக் குப்பைமேட்டில் கிடைத்த பழைய மடல் ஒன்று உண்டு. கி.மு. 1ஆம் ஆண்டில், அலெக்சாந்திரியாவில் வேலை செய்த இலாரியோன் என்பவர் கருவுற்றிருந்த தம் மனைவிக்கு எழுதியது. பாசமிக்க மடல்தான். கவலைப்படாதே, கூலி கிடைத்ததும் அனுப்புகின்றேன் என்கின்றார். அதே மூச்சில், பிறப்பது ஆணாயின் வைத்துக்கொள், பெண்ணாயின் வெளியே எறிந்துவிடு என்றும் கூறுகின்றார். அவர் கொடியவரல்லர். அக்காலத்துக் குடும்பத் தலைவர் ஒருவர், அவ்வளவே.

அந்த உலகத்தினுள்தான் திருச்சபை நுழைந்தது. திருத்தூதர் போதனை என்று வழங்கும் திதாக்கே நூல், கருவை அழிப்பதையும் பிறந்த குழந்தையைக் கொல்வதையும் தெளிவாக விலக்கியது. தியோஞ்ஞேத்துக்கு எழுதப்பட்ட மடல், கிறிஸ்தவர் ஏனையோரைப் போலவே மணம் புரிந்து பிள்ளை பெறுகின்றனர், ஆனால் பெற்ற பிள்ளையை எறிவதில்லை என்பதையே அவர்களது அடையாளமாகக் காட்டியது. 374இல் உரோமைப் பேரரசே சிசுக்கொலையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஊர் வழக்கத்திற்கு எதிராகப் பெண் குழந்தையைத் தூக்கி வளர்த்ததே நம் மரபு. ஊர் வழக்கம் இது, என்ன செய்ய என்று கைவிரிப்பதை அவர்கள் நமக்கு விட்டுச் செல்லவில்லை.

நியாயங்கள் எனப்படுபவை

பெற்றோர் மகளுக்கு அன்போடு தருவதைத் தடுக்கலாமா என்பார்கள். அன்பளிப்பை யாரும் தடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டமே, கேட்கப்படாமல் தரப்படும் பரிசுகளைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ள இடமளிக்கின்றது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், தண்டனை ஐந்தாண்டுச் சிறைக்குக் குறையாதது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. உங்கள் வீட்டில் கைமாறியது அன்பளிப்பாயின் அதனைப் பட்டியலாக எழுதிக் கையொப்பமிட ஏன் தயங்குகின்றீர்கள்?

விவிலியத்தைக் கையில் எடுப்போரும் உண்டு. தோபித்து நூலில் இரகுவேல் தம் சொத்தில் பாதியை மருமகன் தோபியாவுக்குத் தரவில்லையா என்பர். தந்தார். ஆனால் அந்நூலை முழுவதும் படியுங்கள். சாரா தந்தையின் ஒரே மகள், சொத்துக்கு உரியவள் என்று வானதூதர் இரபேல் முன்னரே கூறுகின்றார். திருமணத்தை முடிவு செய்யும்வரை உணவைத் தொடமாட்டேன் என்று தோபியா வற்புறுத்துகின்றார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பாதிச் சொத்து மணம் முடிந்த பின்னர், கேட்காமல் வந்தது. தொடக்கநூலிலோ யாக்கோபு இராகேலுக்காக ஈரேழு ஆண்டுகள் உழைத்தார். அங்குக் கொடுத்தவன் மாப்பிள்ளை. அம்முறையும் குறையற்றதன்று. தந்தை எங்களை விற்றுவிட்டார் என்று இராகேலும் லேயாவும் பின்னர் மனம் நொந்து கூறுவதை அந்நூலே பதிவு செய்கின்றது. பெண்ணைப் பொருளோடு நிறுத்துப் பார்ப்பது எப்பக்கமிருந்து நடந்தாலும் பெண்ணுக்கு அது காயம்.

புனித நிக்கோலார் ஏழைப் பெண்கள் மூவருக்குப் பொன் முடிப்பு எறிந்தாரே என்று ஒருவர் கேட்கக்கூடும். அவர்கள் விலைமகளிராக விற்கப்படாமல் காக்க, இரவில் முகம் மறைத்துக் கொடுத்தார் என்பது மரபு. கொடுத்தவரைக் காட்டி, கேட்பவர் தம்மை நியாயப்படுத்துவது விந்தை.

தமிழ்ப் பண்பாடு என்பாரும் உளர். பரிசம் போடுதல் என்னும் சொல் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றது. பரிசம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது. தமிழகத்தின் பல சமூகங்களில் இருபதாம் நூற்றாண்டில்தான் இவ்வழக்கம் தலைகீழாகத் திரும்பியது. பண்பாடு என்று நாம் போற்றிக் காப்பது பல வீடுகளில் பாட்டன் காலத்துக்கும் எட்டாத வழக்கம்.

சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தருவதற்குப் பதிலாகவே சீதனம் என்பது சற்று வலுவான வாதம். இதற்கும் வரலாறு விடை கூறியுள்ளது. இன்றைய குமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில், 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் பொதுவிதி, மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது 5000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. சீதனம் தரப்பட்டிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் என்னும் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், மகனும் மகளும் சமம் என்று தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியோருள் கிறிஸ்தவர்களும் இருந்தனர் என்பது நம் தலைகுனிவு. இன்றும் என்ன நடக்கின்றது? மகளுக்குரிய பங்குக்கு அவளிடமே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கப்படுகின்றது. சீதனமோ அவள் கையில் தங்குவதில்லை. மாமனார் வீட்டுக் கடனுக்கும் நாத்தனார் திருமணத்துக்கும் போகின்றது. பங்கும் இல்லை, சீதனமும் இல்லை.

பீடமும் முன்வரிசையும்

திருச்சபைச் சட்டத்திற்கு வருவோம். எதிர்காலத்தைப் பற்றிய நிபந்தனைக்கு உட்பட்டுத் திருமணம் செல்லத்தக்க முறையில் நடைபெற முடியாது என்கின்றது 1102ஆம் விதி. வரதட்சணைப் பேச்சு இசைவைத் தொடுவதில்லை, அது வெளி ஒப்பந்தமே என்று சட்ட வல்லுநர் வேறுபடுத்துவர். ஏற்கின்றேன். ஆனால் மீதித் தொகை வரவில்லை என்று தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணிடம் அந்த வேறுபாட்டை எவ்வாறு விளக்குவீர்கள்? நிபந்தனையற்ற அன்பை வாக்களித்த வாய், நிபந்தனை நிறைவேறாதபோது அவளை வெளியேற்றியதே!

இன்னொரு முரண்பாடும் என்னை உறுத்துகின்றது. கருக்கலைப்புக்குத் திருச்சபை தானாகவே விழும் புறநீக்கத் தண்டனையை விதித்துள்ளது. 1983 தொகுப்பில் 1398ஆம் விதியாயிருந்த அது, 2021 திருத்தத்திற்குப் பின் 1397ஆம் விதியில் நிற்கின்றது. அப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைக் குருக்கள் அனைவருக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் நிலைப்படுத்தினார். கடும் அச்சத்தால் நெருக்கப்பட்டவரின் பொறுப்பு குறைவு, அவரைத் தானாக விழும் தண்டனை கட்டுப்படுத்தாது என்றும் சட்டமே கூறுகின்றது. இது தாயன்பு. ஆனால் அந்த அச்சத்தை விளைவித்தவர் எங்கே? கலைத்த பெண் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் கண்ணீரோடு அமர்ந்திருக்கின்றார். ஐம்பது பவுன் கேட்டு வாங்கியவர் பங்குப் பேரவையில் அமர்கின்றார், திருவிழாவில் கொடி பிடிக்கின்றார்.

தேர்தல் வரும்போது சிறுபான்மையினர் உரிமை, பள்ளி மானியம் பற்றி வேட்பாளர்களிடம் கேட்கின்றோம். உயிரைக் காக்கும் சட்டங்களைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆனால் அரசு 1961இல் தடுத்ததை ஆலய முற்றத்தில் இன்றும் அனுமதிப்போர், அரசுக்கு எந்த முகத்தோடு அறநெறி போதிப்பது?

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. வரதட்சணை காரணமாகத் திருமணத்தையே தடுக்கக் குருவுக்கு உரிமையில்லை. மணம் புரியும் உரிமை இறைவன் தந்தது. ஆனால் திருமண விசாரணையில் மணமக்கள் இருவரையும் தனித்தனியே, இந்தத் திருமணத்திற்காக எதுவும் கேட்கப்பட்டதா என்று குருக்கள் வினவலாம். கேட்டு வாங்கியவர்க்குப் பங்குப் பேரவையிலும் பக்தசபைகளிலும் பொறுப்பில்லை என்று பங்கு மக்களே தீர்மானிக்கலாம். மகளைப் பெற்றோர் நகைக்காகக் கடன் வாங்குவதை விடுத்து, மகனுக்குச் சமமான பங்கை உயிலில் எழுதலாம். மகனைப் பெற்றோரே, உங்களிடம் வேண்டுவது எல்லாவற்றினும் எளியது. கேட்காதீர்கள். பெண் வீட்டார் எங்கள் தகுதிக்குச் செய்வார்கள் என்று புன்னகையோடு சொல்வதும் கேட்பதுதான். இளைஞரே, பெற்றோர் பேசி முடித்தார்கள், எனக்கொன்றும் தெரியாது என்று பீடத்தின் முன் நிற்கும் ஆண்மகனிடம் ஒரு குடும்பத்தை ஒப்படைக்கலாமா?

யோசேப்பின் இல்லத்திற்கு மரியா கொண்டுவந்தது என்ன? நற்செய்தியாளர் பொன்னையோ பொருளையோ குறிப்பிடவில்லை. அவர் கொண்டுவந்தது கருவில் இருந்த ஒரு குழந்தை. ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சியிருக்க வேண்டிய நிலையில், யோசேப்பு தாயையும் சேயையும் ஏற்றுக்கொண்டார். அவரைக் குடும்பங்களின் பாதுகாவலர் என்று அழைக்கின்றோம். அவர் திருச்சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் தந்தையரே, அடுத்த முறை உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கச் செல்லும்போது, அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என்ன பேசப் போகின்றீர்கள்?