ஐப்பசியில் எந்த மரம் இலை உதிர்க்கிறது?



அக்டோபர் வந்தால் 'ஆட்டம் சீசன்' (நம் காதுக்கு அது விளையாட்டுதான்) என்று ஆரஞ்சு கலர் பேப்பரில் மேப்பிள் இலை வெட்டி ஜன்னலில் ஒட்டச் சொல்கிறார்கள் சில பள்ளிகளில். தாய்மார்கள் யூடியூப் பார்த்து ராத்திரி உட்கார்ந்து வெட்டித் தருகிறார்கள்.

அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஐப்பசி மழையில் வேம்பும் புளியும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. கனடாவில் மேப்பிள் இப்போது உதிர்வது பகல் குறைந்து குளிர் ஏறுவதால். நம் தருமபுரியில் இலை உதிர்வது வறட்சியால். மாசியில் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டைப் பாருங்கள், மொட்டையாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம் என்று பரீட்சையில் எழுதும் பிள்ளையே ஜன்னலில் இலையுதிர்காலத்தை ஒட்டினால், கண்ணால் பார்ப்பதை நம்பாதே என்றுதானே கற்றுத் தருகிறோம்?

காகிதம் வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய விரல் பென்சிலையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெட்டுவது பூவரசு இலையாக, அரச இலையாக இருக்கட்டும். சிவப்பு இலைதான் வேண்டுமா? நாட்டு வாதாம் இலை பழுத்துச் சிவந்து விழும். அதையே பொறுக்கி, தாள்மேல் வைத்து வரைந்து, பிள்ளையே வெட்டட்டும். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, இந்த ஐப்பசிக்கு மழைத்துளியும் தட்டானும் ஒட்டச் சொல்லுங்கள். இலைக்கு மாசி வரை பொறுங்கள்.