ஒரு மார்க்கில் என்ன இருக்கு?

கடலூரில் ஒரு மாணவி அறிவியலில் 83 வாங்குகிறாள். சிதம்பரத்தில் ஒரு மாணவன் 84 வாங்குகிறான். அவன்தான் அதிகம் படித்தவனா? சொல்ல முடியாது. ஒரு கேள்வி மாறியிருந்தால், அந்த ஒரு மார்க்கும் இடம் மாறியிருக்கும். அதற்காக வீட்டில் திட்டும் அழுகையும் எதற்கு?

இதைக் குறைக்கத்தான் கிரேடு முறை வந்தது. 2009-10ல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கும், 2012-13ல் தமிழகத்தில் முப்பருவ முறையோடு 1 முதல் 8ம் வகுப்பு வரைக்கும் வந்தது. 91 முதல் 100 வரை ஏ1. 81 முதல் 90 வரை ஏ2. எனவே 83ம் 84ம் ஒரே கிரேடு!

ஆனால், இதிலும் ஒரு சிக்கல். 81க்கும் 90க்கும் ஒரே கிரேடு. 90க்கும் 91க்கும் வேறு வேறு கிரேடு! கோடு எங்கே போட்டாலும், அதன் ஓரத்தில் யாராவது நிற்பார்கள். 2018ல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் மார்க் மீண்டும் வந்துவிட்டது. தமிழகமோ 2017ல் மார்க்கை வைத்துக்கொண்டு, பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது.

மார்க்கோ, கிரேடோ, விடைத்தாள் கைக்கு வந்ததும் எந்தக் கேள்வியில் தவறினோம் என்று பாருங்கள். அதை எந்த எண்ணும் எழுத்தும் சொல்லாது!