அணையாத சிவப்பு விளக்கு

பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் வாசகரே, பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகின்றதா? வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை முழுவதும் விடுவியுங்கள். அதன் சுவிட்சு வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தால், கோளாறு அங்கேதான். அணையாவிடில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு, விளக்கு அணைந்ததும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவோர் நம்மில் பலர். குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. முன்சக்கரப் பேடுகள் தேயத் தேய, ஆயில் மட்டம் சிறிது தாழ்வது இயல்பு. பேடுகள் தடிப்பாகவே இருந்தும் தாழ்ந்தால் கசிவுதான். பின்சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் உள்ளதா எனத் தடவிப் பாருங்கள். வெளியே ஈரமே தெரியாமல், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பூஸ்டருக்குள் கசிவதும் உண்டு. பெடலை அழுத்திப் பிடித்திருக்கையில் அது மெல்லத் தாழ்ந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். மெக்கானிக்கை வீட்டிற்கே அழையுங்கள்.