போர் வளர்த்த பிள்ளைகள்

தலைவன் எங்கே உருவாகிறான்? மாளிகையிலா? மேடையிலா? போர்க்களத்திலா? "இளமையில் போரைக் கண்டவனே நெஞ்சுரம் கொண்ட தலைவன் ஆவான்" என்று இண்டூர் தேநீர்க் கடையில் ஒரு தோழர் அடித்துப் பேசினார். அவர் சொல்லில் பாதி உண்மை உண்டு. மறு பாதியைக் காண, கடல் கடந்த தமிழர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

1924இல் சிங்கப்பூரில் பிறந்தவர் எஸ்.ஆர். நாதன். ரப்பர் விலை வீழ்ந்தது. குடும்பம் கடனில் மூழ்கியது. எட்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளியிலிருந்து இருமுறை நீக்கப்பட்டார். தாயோடு பிணங்கி வீட்டை விட்டு ஓடினார். உருப்படாத பிள்ளை என்று ஊர் ஒதுக்கும் கணக்கில் சேர்ந்தவர்!

1942 பிப்ரவரி 15. வெல்ல முடியாத கோட்டை என்று வெள்ளையர் வீரம் பேசிய சிங்கப்பூர், ஜப்பானியர் காலடியில் வீழ்ந்தது. பதினேழு வயது நாதன் ஜப்பானிய மொழியைத் தாமே கற்றார். ஜப்பானியக் காவல் துறைக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். வாள் ஏந்தியவன் ஒரு புறம். வாய் அடைக்கப்பட்ட மக்கள் மறு புறம். நடுவே ஓர் இளைஞன்! சொல் ஒன்று பிசகினால் உயிர் ஒன்று போகும். அந்த இடத்தில் நிற்பவன் எதைக் கற்பான்? பதறாமல் பேசக் கற்பான்.

அதே நகர்; அதே போர். ஏறக்குறைய அதே வயதில் இன்னோர் இளைஞரும் இருந்தார் — லீ குவான் யூ. ஜப்பானியச் சிப்பாய் அவரை அறைந்தான், மண்டியிட வைத்தான். அவரும் ஜப்பானியர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவர் கற்ற பாடம் வேறு: கடுந்தண்டனை குற்றத்தை ஒடுக்கும் என்பதை அந்நாளில் கண்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்தபோது, தூக்குக் கயிற்றையும் பிரம்படியையும் அவர் கைவிடவே இல்லை.

நெருப்பு ஒன்றுதான் தோழர்களே! மெழுகை அது உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது.

போர் முடிந்தது. நாதனுக்குக் கல்வி கை கொடுத்தது. 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் பட்டயம் பெற்றார். மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணை நின்றார்; 1956இல் கப்பல் தொழிலாளர் நல அலுவலர் ஆனார்; 1962இல் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவில் அமர்ந்தார். நடுவில் நின்றவர், உழைப்பவன் பக்கம் வந்து நின்றார்!

சோதனை 1974 ஜனவரி 31இல் வந்தது. ஜப்பானியச் செம்படையினர் இருவரும் பாலத்தீனர் இருவரும் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். 'லாஜூ' படகின் தொழிலாளர் ஐவரைப் பிணையாகப் பிடித்தனர். அவர்கள் நாடு கடந்து செல்லப் பாதுகாப்பு கேட்டனர். உடன் போவது யார்? பாதுகாப்புத் துறையின் உளவுப் பிரிவை அப்போது நடத்தியவர் நாதன். அவரே 13 பேர் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஆயுதம் தாங்கியோருடன் குவைத்துக்குப் பறந்தார், உயிரோடு மீண்டார். பதினேழு வயதில் கற்ற பாடம் ஐம்பது வயதை நெருங்கும்போது படகுத் தொழிலாளியைக் காத்தது என்றால் மிகையா?

1999 முதல் 2011 வரை அவர் சிங்கப்பூரின் அதிபர். இரு முறையும் போட்டியின்றி வந்தவர்தான்; வாக்குப் பெட்டி அவரை அளக்கவில்லை. ஆனால், குவைத் விமானம் அளந்துவிட்டது!

இதை இன்று ஏன் சொல்கிறேன்? 2009இல் முள்ளிவாய்க்காலில் குண்டுகளுக்கிடையே ஓடிய பத்து வயதுப் பிள்ளை இன்று முழு இளைஞன். நம் மாவட்டத்தில் நாகாவதி அணைப் பக்கமும் ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போர் துரத்திய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. குடியேறியவர் குடும்பத்துப் பிள்ளையை அந்த நாடு அதிபராக்கியது. நம் நாடோ நம் உறவுகளை முகாம் வாசலில் நிறுத்தியிருக்கிறது!

போர் எவரையும் தலைவர் ஆக்குவதில்லை. போர் தருவது காயம். அந்தக் காயம் அறிவாவதும் வெறியாவதும் பிறகு நீளும் கையைப் பொறுத்தது. பள்ளியும் வேலையும் குடியுரிமையும்தான் அந்தக் கை.

அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்!