பீச்சாங்கைக்கு உறை கிடையாதா?

மணிமுத்தாறு என்றால் பலருக்கும் அணையும் அருவியும், மாஞ்சோலைக்கு ஏறுகிற ரோடும்தான் ஞாபகம் வரும். அங்கே இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 9-ஆவது, 12-ஆவது பட்டாலியன்கள். துப்பாக்கியோடு வாழ்கிற ஊர் என்றே சொல்லலாம்.

பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது உலக அளவில் ஆய்வுகள் சொல்கிற தோராயக் கணக்கு. மணிமுத்தாற்றில் நூறு பேர் வரிசையில் நின்றால் அதில் பத்துப் பேருக்கு இயல்பான கை இடக்கையாக இருக்கலாம். அந்தப் பத்துப் பேருக்கு இடுப்பில் மாட்ட என்ன உறை?

உறையில் என்ன பெரிய விஷயம், அது வெறும் தோல்பைதானே என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

வலக்கைக்காரருக்குத் தைத்த ஹோல்ஸ்டர் வலது இடுப்பில் இருக்கும். பிஸ்டலின் பிடி பின்பக்கம் பார்த்திருக்கும். மேலே உள்ள வார்ப்பட்டையின் பொத்தான் உடம்பை ஒட்டி, சரியாகக் கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும். பிடியைப் பிடிக்கும்போதே பட்டை திறந்துகொள்ளும். இதே உறையை இடக்கைக்காரர் இடது இடுப்பில் மாட்டினால் என்ன ஆகும்? பிடி முன்பக்கம் திரும்பிவிடும், பொத்தான் கட்டைவிரல் படாத பக்கம் போய்விடும். மணிக்கட்டை முறுக்கினால்தான் எடுக்கவே முடியும். சரி, வலது இடுப்பிலேயே இருக்கட்டும், இடக்கையைக் குறுக்கே நீட்டி எடுக்கட்டும் என்றால் துப்பாக்கியின் வாய் சொந்த வயிற்றையோ பக்கத்தில் நிற்பவரையோ தடவிக்கொண்டு வரும். துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடமே, சுட நினைக்காத எதன் மீதும் அதன் வாயைத் திருப்பாதே என்பதுதான். முதல் பாடத்தையே மீற வைக்கிற உறையை மாட்டிக்கொண்டு மீதிப் பாடத்தை எப்படிப் படிப்பது?

போலீஸ்காரரை விடுங்கள். அம்பாசமுத்திரத்தில் லைசென்ஸ் வாங்கி .32 பிஸ்டல் வைத்திருக்கிற ஒருவர் இடக்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அவருக்கு என்ன சொல்கின்றன? பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துப் போவதென்றால் அதற்கென்று செய்த உறையிலோ பையிலோதான் போக வேண்டும். வெளியே தெரியக் கூடாது. அது எப்போதும் அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால் வருகிற பதில், “ரெண்டு பக்கமும் போடலாம் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க.” இரண்டு பக்கமும் போடலாம் என்று விற்கிற மலிவான துணி உறைகளில் பல எந்தத் துப்பாக்கியையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்று சட்டம் சொல்லும், கட்டுப்பாட்டைத் தருகிற பொருளை மட்டும் யாரும் செய்து தரமாட்டார்கள். என்ன நியாயம் இது?

உறையோடு இது நிற்பதும் இல்லை. ஈசாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரவுனிங் வடிவம். அதன் சேஃப்டி விசையும் மேகசினை விடுவிக்கிற பொத்தானும் இடப்பக்கத்தில் மட்டும்தான். ஏனென்றால் வலக்கையின் கட்டைவிரல் அங்கேதான் வரும். பழைய .303 ரைஃபிளின் போல்ட் கைப்பிடி வலப்பக்கம். இன்சாஸ் ரைஃபிளில் காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கும். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது மூக்குக்கு முன்னாலேயே பறந்து போகும். எல்லாமே வலக்கைக்காரர் வலக்கைக்காரருக்காகச் செய்தது.

இதற்கு வழக்கமாக வருகிற பதில், “வலக்கையில் பழகிக்கோ.” பழகலாம்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.80 ரைஃபிளை இடத்தோளில் வைத்துச் சுடவே முடியாது. அங்கே இடக்கைக்காரர்களும் வலத்தோளில்தான் பழகுகிறார்கள். ஆனால் கையைப் பழக்கலாம், கண்ணை? ஒவ்வொருவருக்கும் குறி பார்ப்பதற்கென்று ஓங்கிய கண் ஒன்று உண்டு. இடக்கண் ஓங்கியவரை வலத்தோளில் வைத்துக் குறி பார்க்கச் சொல்லிவிட்டு, குண்டு இலக்கை விட்டு விலகினால் “உனக்குச் சுடவே வராது” என்று முடிவு கட்டுவது பயிற்சியா? அதுவும் பதற்றத்தில் கை தானாக எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உயிர் போகிற அந்த அரை நொடியில் பழக்கிய கை வருமா, பிறந்த கை வருமா?

இடக்கைக்காரரால் படைக்கு லாபமும் இருக்கிறது. சுவரின் இடது ஓரத்தில் மறைந்து சுட வேண்டுமென்றால் வலக்கைக்காரரின் பாதி உடம்பு வெளியே தெரியும். இடக்கைக்காரர் மறைவிலேயே நின்று சுடலாம். கிரிக்கெட்டில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இல்லை. இடக்கை ஆட்டக்காரர் வந்தால் பதினொரு பேரும் இடம் மாறி நிற்கிறார்கள். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங்கிடம் “சோத்தாங்கையில் ஆடு” என்று யாராவது சொன்னார்களா?

சம்பிரதாயம், சீருடை ஒழுங்கு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கதை. அதிகாரிகள் தோளுக்குக் குறுக்கே போடுகிறார்களே, அந்தப் பெல்ட்டின் பெயர் சாம் பிரவுன் பெல்ட். சாம் பிரவுன் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பக்கம் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். வாளுறையைப் பிடித்துக்கொள்ள இடக்கை இல்லாமல் வலக்கையால் மட்டும் வாளை உருவுவது எப்படி என்று யோசித்து, உறை ஆடாமல் நிற்க இந்தப் பட்டையை உண்டாக்கினார். ஒரே ஒரு மனிதரின் ஒரு கைக்காக உறையை மாற்றியதுதான் பின்னால் உலகத்துக்கே சீருடை ஆனது! அந்தப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே “தனி ஆளுக்கெல்லாம் மாற்ற முடியாது” என்று சொன்னால் எப்படி?

பக்கத்தில் திருநெல்வேலித் தாமிர சபையில் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுகிறார். அதே ஆட்டத்தை மதுரை வெள்ளியம்பலத்தில் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். நின்ற கால் வலிக்குமே என்று பாண்டியன் வருந்திக் கேட்டதால் மாற்றினார் என்பது புராணம். அங்கே கால் மாறியது வலிக்கக் கூடாது என்பதற்காக. இங்கே கை மாறச் சொல்வது வலித்தாலும் பரவாயில்லை என்பதற்காக.

செலவாகும் என்பதும் சாக்குதான். தோல் உறை தைக்க வெட்டுகிற அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினால் இடக்கை உறை. அவ்வளவுதான் வித்தை. ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. தோல் ஆராய்ச்சிக்கென்றே சென்னையில் 1948 முதல் மத்திய நிறுவனம் இருக்கிறது. காலுக்கு இடது, வலது என்று தவறாமல் தைக்கிற மாநிலத்துக்குக் கைக்குத் தைக்கத் தெரியாதா? துப்பாக்கியிலும் இது புதுமை இல்லை. மேகசின் பொத்தானைப் பக்கம் மாற்றிக்கொள்ளும் வசதியை க்ளாக் நிறுவனம் 2010-லேயே கொண்டுவந்துவிட்டது.

ஆக, கேட்பது மூன்றே மூன்று. பயிற்சிக்குச் சேர்கிற முதல் நாளே எந்தக் கை, எந்தக் கண் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இடக்கை என்று சொன்னவருக்கு இடக்கை உறையைக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். உறையில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்ட அரசு, லைசென்ஸ் வாங்குகிறவருக்கும் அது கிடைக்க வழி செய்யட்டும்.

அதுவரை இடக்கைக்காரரின் துப்பாக்கி தவறி வெடித்தால், “அவன் பீச்சாங்கைக்காரன்ப்பா” என்று அவர் மேல் பழியைப் போடாதீர்கள். அவருக்கு உறை தராதவர்களிடம் கேளுங்கள்.