பதில் சொல்லும் உரிமை

சீட்டாட்டத்தில் யார் முதலில், யார் அடுத்து என்று வகுக்கும் விதியை ஓரத்து விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. விதிப்புத்தகத்தின் பின்பக்கங்களில் கிடந்து, தகராறு மூளும்போது மட்டும் புரட்டப்படும் பகுதி என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ‘மேஜிக்: த கேதரிங்’ வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஆண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. அந்த ஆட்டத்தில் நடந்த மிகப் பெரிய திருத்தங்கள், எந்தக் கணத்தில் யாருக்கு வாய் திறக்க உரிமை உண்டு என்பதைப் பற்றியவை.

அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணித ஆராய்ச்சியாளர். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆட்டத்தை வெளியிட்டது. ரம்மியிலும் பிரிட்ஜிலும் விதிகள் ஆட்டத்துக்குச் சொந்தம். சீட்டுக்கு எண்ணும் சின்னமும் போதும். கார்ஃபீல்டின் ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டும் தனக்கென ஒரு விதியை முகத்தில் எழுதிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்றும் இருந்தது: எதிராளியின் முறை நடக்கும்போதே குறுக்கே புகுந்து சீட்டு இறக்கலாம். ஒருவர் ஆட மற்றவர் காத்திருப்பது என்ற பழைய ஒழுங்கு அத்தோடு போயிற்று. அதன் இடத்தில் என்ன வைப்பது என்று அன்றைக்கு யாருக்கும் முழுமையாகத் தெரியவில்லை. சோதனை ஆட்டங்களிலேயே அது வெளிப்பட்டது. எதிராளி அடுத்த முறையை இழக்கிறார் என்ற பொருளில் எழுதிய சீட்டை, அடுத்த முறையில் எதிராளி தோற்கிறார் என்று ஒருவர் படித்துவிட்டு, வெற்றி தனக்கே என்றார். பின்னாளில் ‘டைம் வாக்’ என்று புகழ்பெற்ற சீட்டு அது.

முதல் ஆறு ஆண்டுகள் நிலவியது ஒருவகைச் சாதி அடுக்கு என்றே சொல்வேன். குறுக்கே இறக்கும் சீட்டுகளில் ‘இன்ஸ்டன்ட்’ என்று ஒரு வகை. அதற்கு மேல் ‘இன்டரப்ட்’ என்று ஒரு வகை. அதற்கு இன்னொரு இன்டரப்ட்தான் பதில் சொல்ல முடியும். பிற்பாடு ‘மானா சோர்ஸ்’ என்று மூன்றாவது வகையும் வந்தது. அதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. ‘டார்க் ரிச்சுவல்’ என்ற ஒரே சீட்டின் பல பதிப்புகளை வரிசையாக அடுக்கினால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். 1993-இல் அது இன்டரப்ட், தொண்ணூறுகளின் பிற்பாதியில் மானா சோர்ஸ், 1999-க்குப் பின் வெறும் இன்ஸ்டன்ட். சீட்டு செய்யும் வேலை மாறவே இல்லை. அதற்குப் பதில் சொல்ல யாருக்கு உரிமை என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் இருவரும் மாறிமாறி அறிவித்தவை ஒரே தொகுதியாக நிறைவேறும். நிறைவேறத் தொடங்கிவிட்டால் நடுவில் எவரும் புக முடியாது. சேதத்தைத் தடுப்பதற்குத் தனிக் கட்டம் ஒன்று இருந்தது. உயிர்ப்புள்ளி பூஜ்ஜியத்தைத் தொட்டாலும் உடனே தோல்வி இல்லை. முறையில் அப்போது நடக்கும் கட்டம் முடியும்போதுதான் கணக்குப் பார்ப்பார்கள். இந்த இடைவெளியில் ஒரு வித்தை பிறந்தது. 1994-இல் வந்த ‘மிரர் யூனிவர்ஸ்’ என்ற சீட்டு இரண்டு ஆட்டக்காரர்களின் உயிர்ப்புள்ளிகளை இடம் மாற்றும். ஆட்டக்காரர் தன் உயிரைத் தானே பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய், அதே கட்டத்துக்குள் அந்தச் சீட்டை இயக்குவார். பூஜ்ஜியம் எதிராளியிடம் போய்ச் சேரும். கட்டம் முடியும், எதிராளி தோற்பார். அழகான வித்தைதான். ஆனால் புதிதாக வந்தவருக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது விளங்கியிருக்காது.

1999 ஏப்ரலில் வந்த ஆறாம் பதிப்பு இத்தனையையும் ஒரே வீச்சில் மாற்றியது. இன்டரப்ட் ஒழிந்தது, மானா சோர்ஸ் ஒழிந்தது, தடுப்புக் கட்டமும் ஒழிந்தது. அவற்றின் இடத்துக்கு ‘ஸ்டாக்’ வந்தது. அறிவிக்கும் ஒவ்வொரு மந்திரமும் முந்தையதன் மேல் ஏறும். அடுக்கிய தட்டுகளில் மேலே இருப்பதை முதலில் எடுப்பதுபோல, கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். ஒன்று நிறைவேறியதும் இருவருக்கும் மறுபடி வாய்ப்பு உண்டு. முறைக்காரருக்கு முதலில், பிறகு எதிராளிக்கு. இருவரும் அடுத்தடுத்து ‘பாஸ்’ சொன்னால்தான் அடுத்தது இறங்கும். இந்த வாய்ப்பை ஆட்டக்காரர்கள் ‘ப்ரையாரிட்டி’ என்கிறார்கள்.

இதன் அருமை எளிய உதாரணத்திலேயே தெரியும். என்னிடம் இரண்டு பலமும் இரண்டு தாங்குதிறனும் கொண்ட ஓர் உயிரினம் இருக்கிறது. எதிராளி மூன்று சேதம் தரும் ‘லைட்னிங் போல்ட்’டை அதன் மேல் ஏவுகிறார். நான் பதிலுக்கு ‘ஜயன்ட் குரோத்’ போடுகிறேன். அது முதலில் நிறைவேறி உயிரினம் ஐந்துக்கு ஐந்தாக வளர்கிறது. பிறகு மின்னல் விழுகிறது, உயிரினம் பிழைக்கிறது. அதே இரண்டு சீட்டுகளை வரிசை மாற்றிப் பாருங்கள். நான் அவசரப்பட்டு முதலில் குரோத் போடுகிறேன், அவர் பதிலுக்கு மின்னலை ஏவுகிறார். மின்னல் முதலில் விழுகிறது; வளரும் முன்பே உயிரினம் சாகிறது. சீட்டுகளும் அவற்றுக்குச் செலவிடும் மானாவும் ஒன்றே. முதலில் பேசியவர் இழந்தார், காத்திருந்தவர் காப்பாற்றினார். பொறுமைக்கு இவ்வளவு துல்லியமாகக் கூலி கொடுக்கும் ஏற்பாடு வேறு எந்தச் சீட்டாட்டத்திலும் எனக்குத் தெரிந்து இல்லை.

தாக்குதல் சேதமும் அதே ஸ்டாக்கில் ஏறியதால் இன்னொரு வித்தைக்கு வழி பிறந்தது. ‘மாக் ஃபனாட்டிக்’ ஒரு புள்ளி பலமுள்ள சிறு பூதம். பலி கொடுத்தால் விரும்பிய இலக்குக்கு ஒரு சேதம் தரும். அது தடுத்து நிற்கும். அதன் சேதம் ஸ்டாக்கில் ஏறியதும் பலி கொடுப்பார்கள். பலியின் சேதமும் விழும், செத்துப்போன பூதத்தின் அடியும் விழும். ‘மார்ஃப்லிங்’ என்ற உயிரினம் ஐந்துக்கு ஒன்றாக நின்று அடியை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, தன்மேல் அடி இறங்கும் முன் தாங்குதிறனை உயர்த்திக்கொள்ளும். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கில்தான் தேறினார்கள்.

2009 ஜூலையில், ‘மேஜிக் 2010’ தொகுப்போடு, அது நீக்கப்பட்டது. தாக்குதல் சேதம் இனி ஸ்டாக்கில் ஏறாது, உடனே விழும். எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்த வித்தையை இழந்தவர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. ஆனாலும் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். செத்த பூதத்தின் அடி விழும் என்பதை அட்டவணை காட்டி விளக்கலாம், மேசையைப் பார்த்து எவரும் ஊகிக்க முடியாது. பதில் சொல்லும் உரிமை இருவருக்கும் சமம் என்று சொல்லிவிட்டு, அந்த உரிமை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியவிடுவது சமம் ஆகாது.

மேஜிக் கைவிட்ட பழைய ஏற்பாடு வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது. 1999-இல் ஜப்பானில் கொனாமி வெளியிட்ட ‘யூ-கி-ஓ’ சீட்டாட்டத்தில் ‘செயின்’ என்ற அடுக்கு உண்டு. அது நிறைவேறத் தொடங்கினால் நடுவில் புக முடியாது. விளைவுகளுக்கு மூன்று வேகங்கள். உச்ச வேகத்துக்கு உச்ச வேகமே பதில். இன்டரப்ட் காலத்து அடுக்கேதான். அங்கே ஆட்டக்காரர்களை வதைப்பது தருணம் தவறுதல். ஒரு சீட்டின் விருப்ப விளைவு, ‘இது நடக்கும்போது’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்த நிகழ்ச்சி கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். அதன்பின் வேறொன்று நடந்துவிட்டால் விளைவு கிடையாது. ‘இது நடந்தால்’ என்று எழுதியிருந்தால் கிடைக்கும். 2011-இல் கொனாமி சீட்டுகளின் வாசகத்தையே ஒழுங்குபடுத்தியது: நிபந்தனைக்குப் பின் முக்காற்புள்ளி, செலவுக்கும் இலக்குக்கும் பின் அரைப்புள்ளி, அதற்குப் பின் விளைவு. நிறுத்தக்குறியே விதியானது. கடினமான விதிகளை மாற்றாமல் படிக்கக்கூடியவையாக ஆக்கிய நேர்மையான உழைப்பு அது.

போகிமான் சீட்டாட்டம் 1996-இலிருந்தே எதிராளியை ஏறக்குறைய மௌனமாக வைத்திருக்கிறது. 2014-இல் வந்த ‘ஹார்த்ஸ்டோன்’ கணினி ஆட்டமும் அதே வழிதான். இரண்டாவதாக ஆடுபவருக்கு ஒரு சீட்டும் ஒரு நாணயமும் கூடுதலாகத் தந்து ஈடு செய்கிறது. குழந்தைகளுக்கும் கைபேசிக்கும் இது பொருந்தும். ஆனால் எதிராளி பேச முடியாத ஆட்டத்தில் ஒருவர் தன் முறையை ஆடி முடிக்கிறார், அவ்வளவே.

விதி எவ்வளவு தெளிவானாலும் அதை வாயால் சொல்பவர் மனிதர். 2017 பிப்ரவரியில் டப்ளினில் நடந்த மேஜிக்கின் ‘ப்ரோ டூர்’ போட்டியில் ஒருவர் ‘காம்பட்’ என்று சொல்லித் தாக்குதலுக்குப் போனார். தாக்குதல் தொடங்கும் கட்டத்தில் செய்ய நினைத்திருந்ததை அவரால் செய்ய முடியவில்லை. அந்தச் சொல்லோடு அக்கட்டம் கடந்துவிட்டது என்பதே அன்றைய போட்டி விதி. சில மாதங்களிலேயே விதி திருத்தப்பட்டு, அப்படிச் சொன்னவருக்கும் அக்கட்டத்தில் செயல்பட இடம் கிடைத்தது. மனிதர்கள் பேசும் விதத்துக்கு விதி இறங்கிவந்த அந்தத் திருத்தத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மேஜிக்கின் ‘அரீனா’ கணினிப் பதிப்பில் சிக்கல் வேறு. பதில் இல்லாதவருக்காக நிரலே பாஸ் சொல்லிவிடும். திரை ஒரு கணம் தயங்கினால் எதிராளியின் கையில் ஏதோ இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

கடைசியாக, 2024 நவம்பரில் வந்த ‘ஃபவுண்டேஷன்ஸ்’ தொகுப்பின் மாற்றம். ஓர் உயிரினத்தைப் பல உயிரினங்கள் தடுத்தால், 2009-க்கு முன் தாக்குபவர் சேதத்தைப் பிரித்து ஸ்டாக்கில் வைப்பார். தடுப்பவர் அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம். 2009-க்குப் பின் யாரை முதலில் அடிப்பேன் என்ற வரிசையையாவது முன்கூட்டி அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. சேதம் விழும் கணத்தில்தான் பிரிப்பார். தடுப்பவர் யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமலே காப்பாற்ற வேண்டும். ஆட்டம் எளிமையானது என்கிறார்கள்; ஆகியிருக்கலாம். ஆனால் 1999-இல் இருவருக்கும் சமமாகத் தரப்பட்டதிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் குறைத்திருக்கிறார்கள். இது தவறான திசை. விதி வகுப்பவர்கள் வரிசை அறிவிக்கும் கடமையை மீண்டும் கொண்டுவர வேண்டும்.